நான்கு கோப்புகளில் என் மகள்

நர்ஸின் கோப்பிலிருந்துதான் என் மகள் முதலில் வெளியே வந்தாள். எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது. மேல்வரிசையில் இரண்டு பல் விழுந்துவிட்டது. வலக்கை எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது.

விழுந்த பல்லை யார் கையில் கொடுத்தாள் என்று கேட்க வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன்.

அடுத்து டீச்சர். வாசிப்பில் அவள்தான் வகுப்பிலேயே முதலிடமாம். வாய் ஓயாமல் பேசுகிறாளாம். வீட்டில் இருந்தபோது தண்ணீர் வேண்டுமென்றால்கூட என் கையைச் சுரண்டத்தான் செய்வாள்.

பள்ளிக்கூடம், மருத்துவமனை, காவல் நிலையம், குழந்தைகள் நல அலுவலகம். நான்கும் சேர்ந்து என் ஏழு வயதுப் பெண்ணை வளர்க்கின்றன. ஐந்து மாதமாக அவள் காப்பகத்தில் இருக்கிறாள். நேரில் பார்க்க எங்களுக்கு அனுமதி கிடையாது.

அதனால் மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் இந்தக் கூட்டம்தான் எனக்கு எல்லாம். ஆளுக்கொரு கோப்பிலிருந்து ஆளுக்கொரு துண்டாக அவளை வாசிப்பார்கள். நான் வீட்டுக்குப் போய்ச் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொள்வேன்.

என் பக்கத்தில் கணவர். படிய வாரிய தலை, இஸ்திரி போட்ட சட்டை, வார்த்தைக்கு வார்த்தை மேடம். வெளியாருக்கு அவர் தங்கமான மனிதர். கோபத்தைக் கட்டுப்படுத்தும் வகுப்புக்கு ஆறு வாரம் போய்ச் சான்றிதழும் வாங்கிவிட்டார். அதை எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மேஜைமேல் வைத்திருந்தார்.

குழந்தைகள் நல அலுவலகத்தின் தலைமை அதிகாரியம்மா ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரே பாடத்தோடுதான் தொடங்குவார். இங்கே யாரும் யாரிடமும் எதையும் மறைக்கக் கூடாது. ஒரு அலுவலகத்துக்குத் தெரிந்தது இன்னொன்றுக்குத் தெரியாமல் போனால் அடி வாங்குவது குழந்தைதான். நியாயமான பேச்சு. ஆகவே இந்த அறையில் பேசுவது அத்தனையும் நான்கு கோப்புக்கும் போகும். ஒரு நகல் வீட்டுக்கும் வரும். கணவர் பெயரும் என் பெயரும் போட்டு ஒரே உறையில் வரும்.

பிரிப்பது அவர்தான்.

இன்று முடிவெடுக்கும் நாள். எல்லாம் சரியென்றால் சாயங்காலமே அவளை அழைத்துக்கொண்டு போகலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஐந்து மாதம் ஆகிறது. மிக்ஸி ஓடும்போது மட்டும் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். மிக்ஸி நின்றால் நானும் நிறுத்திவிடுவேன். யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள்.

தலைமை அதிகாரியம்மாவின் கேள்வி கடைசியில் என்னிடம் வந்தது.

"அவர் மறுபடியும் கை ஓங்கினா நீங்க என்ன பண்ணுவீங்கம்மா?"

இதற்கு விடை எதிர்ச் சுவரிலேயே கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. குழந்தையோடு வெளியே வாருங்கள், உடனே உதவி எண்ணுக்கு அழையுங்கள். இன்ஸ்பெக்டரம்மா, திணறும் பிள்ளைமேல் இரக்கப்பட்ட பரீட்சை மேற்பார்வையாளர்போல, எனக்கு அந்தச் சுவரைக் கண்ணால் காட்டினார்.

நான்கு பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

அதை அப்படியே ஒப்பித்தால் போதும். சாயங்காலம் அவள் என் மடியில் இருப்பாள். பல் போன வாயால் மூச்சு விடாமல் பேசுவாள். அவள் உச்சந்தலையை முகர வேண்டும்போல் எனக்கு நெஞ்சு வலித்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே வலித்தது.

"நான் என்னங்க பண்ணப் போறேன். பொறுத்துத்தான் போவேன். ஆம்பளைக்குக் கோவம் வர்றது சகஜம்தானே."

கணவர் தலையை ஆட்டினார். நல்ல பதில் என்று நினைத்திருப்பார். நர்ஸ் பேனாவை மூடி வைத்தார்.

தலைமை அதிகாரியம்மா எழுத எழுத வாசித்தார். தகப்பனிடம் முன்னேற்றம் தெரிகிறது. தாய்க்குக் குழந்தையைப் பாதுகாக்கும் மனத்தெளிவு இல்லை. குழந்தை மேலும் ஆறு மாதம் காப்பகத்திலேயே இருக்கட்டும்.

கணவர் என் பக்கம் திரும்பி, மண்டு என்று உதட்டை மட்டும் அசைத்தார். அதோடு விட்டுவிட்டார்.

மண்டு என்று பெயர் வாங்குவதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அந்தச் சான்றிதழ் வீட்டுக்கு வந்த அன்று அவர் வீசிய தட்டு சுவரில் எந்த உயரத்தில் பட்டது என்று எனக்குத் தெரியும். ஏழு வயதுப் பிள்ளையின் தலை உயரம்.

கோப்புகளைக் கட்டும்போது டீச்சர் நர்ஸிடம், நல்ல வேளை அன்றைக்கு நீங்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்தீர்கள் என்றார். நர்ஸ் திருதிருவென்று விழித்தார். செய்தது டீச்சர்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தாராம். ஐந்து மாதமாக இருவரும் ஒருவரை ஒருவர் மனசுக்குள் வாழ்த்தியிருக்கிறார்கள். எதையும் மறைக்கக் கூடாத அந்தக் கூட்டத்தில் இது ஒன்று மட்டும் யாருக்கும் தெரியாது. அழைத்தவர் பெயரை உதவி எண்காரர்கள் எந்தக் கோப்பிலும் எழுதுவதில்லை.

"யாரோ பக்கத்து வீட்டம்மாவாம்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

கணவர் முகம் இறுகியது. அவர் பக்கத்து வீட்டாரோடு பேசியே ஐந்து மாதம் ஆகிறது.

தலைமை அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எவளோ ஒருத்திக்கு இருந்த பதற்றம், பெத்த உனக்கு இல்லையேம்மா."

தலையைக் குனிந்துகொண்டேன். அழுகை வந்தது. அதுவும் நல்லதற்குத்தான், குற்ற உணர்ச்சி என்று எழுதிக்கொள்வார்கள்.

அன்றைக்கு உதவி எண்ணில் பேசிய பெண்ணுக்குச் சின்ன வயதுக் குரல். அவசரப்படுத்தாமல், அதட்டாமல், ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். கடைசியாக, நீங்க குழந்தைக்கு என்ன வேணும் என்றாள்.

மாடியில் காயப்போட்ட துணிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, பக்கத்து வீடு என்றேன்.