வலப்பக்கத்து முகம்

அவள் டிரைவர் ஜன்னலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"குனியுங்க."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மணி மதுரை வண்டி. கிளம்ப இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது.

பேருந்து நிலையம் முழுவதும் தன்னையே பார்ப்பதுபோல் அவருக்குப் பட்டது.

"வீட்டுக்குப் போ."

"குனிஞ்சா போயிருதேன்."

அவள் கையில் ஒரு வெள்ளை ட்யூப். தோல் டாக்டர் எழுதிக் கொடுத்த வெயில் கிரீம்.

இருபது வருடங்களாக அவருக்கு இதே தடம்தான். காலையில் திருநெல்வேலியிலிருந்து வடக்கே. வெயில் கிழக்கிலிருந்து வலக்கன்னத்தில் விழும். பிற்பகலில் மதுரையிலிருந்து தெற்கே. வெயில் மேற்கிலிருந்து விழும்.

அதுவும் வலக்கன்னத்தில்தான்.

இடப்பக்கமிருந்து பார்த்தால் அவர் அவளுக்கு மாலையிட்டவர். வலப்பக்கமிருந்து பார்த்தால் அவருடைய அப்பா. அத்தனை சுருக்கம். தடித்த தோல். கறுத்த திட்டுகள்.

அவளுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். கன்ன எலும்பின் மேல் சொரசொரப்பாக ஒன்று கிளம்பும்வரை அதைப் பற்றி அவள் யோசித்ததுகூட இல்லை.

"இப்போதைக்குப் பயமில்ல," என்றார் டாக்டர். "ஆனா இதே மாதிரி வெயில் பட்டுக்கிட்டே இருந்தா, அடுத்த தடவ நான் இப்படிச் சொல்ல முடியாதும்மா. கண்ணாடிய ஏத்தி விட்டாலும் வெயிலோட ஒரு பகுதி உள்ள வரத்தான் செய்யும். முழுக்கைச் சட்டை போடச் சொல்லுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி கிரீம். வண்டி நிக்கிற இடத்துல மறுபடியும்."

அன்று திரும்பும் வழியில் அவர் ஒன்றும் பேசவில்லை. அவளுக்குத்தான் நெல்லையப்பர் சன்னிதியில் நெடுநேரம் பேச வேண்டியிருந்தது.

முழுக்கைச் சட்டைக்கு ஒப்புக்கொண்டார். கிரீம் பொம்பளைகள் சமாச்சாரம் என்றார்.

அவள் வாதாடவில்லை. தினமும் அவர் நெற்றியில் திருநீறு பூசிவிடும் கை, மறுநாள் அப்படியே கன்னத்துக்கும் இறங்கியது. திருநீற்றுக்காகக் கண்ணை மூடியவர், மூடிய கண்ணோடு அதையும் வாங்கிக்கொண்டார்.

கன்னத்தில் கிரீம் வெள்ளையாகப் படர்ந்து நின்றது.

"என்ன அண்ணாச்சி," என்று கேட்டான் கண்டக்டர் தளவாய். "சாமி இன்னைக்குக் கன்னத்துக்கும் சேத்துக் குடுத்துட்டாரா?"

கோவில்பட்டி வண்டி ஓட்டும் பேச்சிமுத்து அதோடு விடவில்லை.

"ஏ, பவுடரப் பாருங்கடே! அண்ணாச்சிக்கு மதுரையில பொண்ணு பாத்தாச்சு!"

டீக்கடை வரைக்கும் சிரிப்பு போனது.

நேற்று அவருடைய துண்டைத் துவைக்கும்போது அதில் ஒரு வெள்ளைக் கறை. சோப்புப் போட்டும் பிசுபிசுத்தது. திருநீறு என்றால் தண்ணீர் பட்டதுமே போயிருக்கும்.

தெருமுனையிலேயே துடைத்துவிட்டுப் போகிறார். எத்தனை நாளாகவோ.

அவள் சண்டை போடவில்லை. இன்று காலை திருநீறு மட்டும் பூசி அனுப்பினாள். அடுத்த டவுன் பஸ்ஸில் ஏறி வந்துவிட்டாள்.

"நாலு பேரு பாக்காங்க," என்றார் அவர், உதடு அசையாமல்.

"பாக்கட்டும். களவா எடுத்திய?"

"மானம் போகுது."

"போனாப் போகட்டும். மூஞ்சி இருக்கட்டும்."

முன்சீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

கிழக்கு வெயில் அவள் பிடரியைச் சுட்டுக்கொண்டிருந்தது. நுனிக்காலில் எக்கி நின்றாள். உயர்த்திய விரல்களில் கிரீம் இளகி வழியத் தொடங்கியிருந்தது. அதில் தனக்கென்று ஒரு சொட்டு எடுத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றியிருக்காது.

அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

விரல்கள் கன்ன எலும்பில் தொடங்கின. பிறகு காது மடல். கழுத்து. பிறகு, ஸ்டியரிங்கை விட்டு அவராகவே நீட்டிய புறங்கை.

வண்டிக்குள் நின்ற தளவாய் சில்லறையை எண்ணத் தொடங்கினான்.

பேச்சிமுத்துதான் தன் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். கேலிக்குத் தயாரான முகம். வாயைத் திறந்தும்விட்டார்.

ஆனால் அவள் விரல்கள் போகும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பேச்சிமுத்துவுக்கும் வலக்கன்னம் அப்படித்தான். பிள்ளைகள் வெளியூரில். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது.

"மதினி," என்றார் கடைசியில். "இது எல்லாத் தோலுக்கும் ஆகுமா?"

அவள் ட்யூபை நீட்டினாள். பேச்சிமுத்து அதை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிதுக்கியதில் பாதி தரையில் விழுந்தது.

டிரைவர் கதவு திறந்தது. அவர் இறங்கி வந்து ட்யூபைப் பிடுங்கினார்.

"மூஞ்சியக் காட்டும்வே."

பேருந்து நிலையம் இப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கியர் பிடித்துக் காய்த்த விரல்களால், அவள் பூசிய அதே வரிசையில், மெதுவாகப் பூசினார். கன்னம். காது. கழுத்து.

பேச்சிமுத்து கண்களை மூடிக்கொண்டார்.

பூசி முடித்து விரலை எடுத்த பிறகும் திறக்கவில்லை.

நேரமாகிவிட்டது. தளவாய் விசிலை உதட்டுக்குக் கொண்டுபோனான். கீழே நின்ற மூன்று பேரையும் ஒருமுறை பார்த்தான்.

விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாராவது டிக்கெட் எடுக்க வேண்டுமா என்று கேட்டபடி பின்சீட்டுப் பக்கம் நடந்தான்.