நீலச் சாயப் பரீட்சை

நரி வரும், காக்கா வரும்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்கல்ல? ரெண்டும் வராது. வர்றது ஆய்வுக்கூடத்துத் தட்டுல வளர்ற குடல் செல்லுங்க.

தட்டுக்குள்ள இருந்த சல்லடை மேல அவங்க வரிசையா நின்னு, பக்கத்துல இருக்கறவ கையை இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க. மேல இருக்குற சர்க்கரையை உறிஞ்சிக் கீழ அனுப்பறது அவங்க வேலை. அவங்களைக் கேக்காம இடுக்கு வழியா எதுவும் இறங்கக் கூடாது. இன்னைக்கு அதுக்குத்தான் பரீட்சை. ஆய்வுக்கூடத்துக்காரங்க மேல நீலச் சாயம் ஊத்துவாங்க. கீழ ஒரு சொட்டு ஒழுகினாலும் மொத்தக் கூட்டமும் குப்பைத்தொட்டிக்கு.

சாயம் வந்து கொட்டுச்சு. வரிசையில நின்ன வடிவு, பக்கத்துல இருந்த அமுதா கையை இன்னும் இறுக்கினா.

"அமுதாக்கா, விட்றாத!"

"நீ விட்றாதடீ!"

ரொம்ப நேரம் ஆச்சு. சல்லடைக்குக் கீழ இருந்த தண்ணி பளிங்காட்டம் அப்படியே இருந்துச்சு.

"பாத்தியாக்கா! ஒரு சொட்டு தாண்டல! நான் பிடிச்ச பிடி அப்படி!" வடிவு துள்ளிக் குதிச்சு, ரெண்டு கையையும் தூக்கிப் படபடன்னு தட்டினா. அமுதாவும் தட்டினா. வரிசை முழுக்க ஒரே கைதட்டல்.

காலடியில கிடந்த சல்லடை அலறுச்சு: "அடியேய், எல்லாரும் தட்டுறீங்களே, அப்போ பிடிச்சுக்கிட்டு இருக்கறது யாருடீ? என் முதுகெல்லாம் நீலம்!"