பிரசவம் பார்த்தவர்

"முக்கச் சொல்லுங்களேன்! சும்மா நின்னா எப்படி?" வலியில் கத்தினாள் அந்தப் பெண்.

"நான் எதுக்குச் சொல்லணும்? உங்க உடம்பே சொல்லும்மா," என்றாள் மருத்துவச்சி, அவள் இடுப்பைத் தேய்த்துவிட்டபடி.

மருத்துவச்சி என்பது மாடியில், டாக்டர்கள் பிரசவம் பார்க்கும் வார்டில் வைத்த பெயர். பிரசவம் பார்ப்பதற்கென்றே தனியாகப் படித்துவிட்டு வந்த நர்ஸை அங்கே எல்லாரும் அப்படித்தான் நக்கலடித்தார்கள். டாக்டர் இல்லாமல் இவளே பிரசவம் பார்க்கும் இந்த அறையைத் திறந்து மூன்று வாரம் ஆகிறது. வந்தவர்கள் எல்லாரும் "டாக்டர் இல்லையா?" என்று கேட்டுவிட்டு மாடிக்கு நடையைக் கட்டினார்கள். இன்னும் ஒரு குழந்தைகூட இங்கே பிறக்கவில்லை.

நாளையோடு அறையை மூடச் சொல்லி, விடுப்பில் இருக்கும் பெரிய டாக்டர் அனுப்பிய உத்தரவு சுவரில் ஒட்டியிருந்தது. ஆளை இவள் பார்த்ததே இல்லை. கடைசியில் வாலைச் சுருட்டியிருந்த அந்தக் கையெழுத்தைத்தான் காலையிலிருந்து முறைத்துக்கொண்டிருந்தாள்.

இந்தப் பெண்ணும் மாடிக்குப் போக வேண்டியவள்தான். லிஃப்ட் வரும்வரை வலி பொறுக்கவில்லை. பக்கத்தில் இருந்த கதவு இதுதான்.

"மல்லாந்து படுக்க வேண்டாமா?"

"வேண்டாம். என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க."

"வெட்டித் தையல் போடக் கத்தரி எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"எல்லாம் இருக்கு. தேவைப்பட்டாத்தான் எடுப்பேன். ஏதாவது சரியில்லைன்னா முதல்ல மாடிக்கு ஓடுறதும் நான்தான். தைரியமா இருங்க."

சற்று நேரத்தில் உடம்பே சொன்னது. அறை அதிர வீறிட்டது பெண் குழந்தை. மருத்துவச்சிக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

"எத்தனை தையல்?"

"ஒண்ணுகூட இல்ல!"

அவள் நம்பாமல் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

பதிவேட்டில் 'பிரசவம் பார்த்த டாக்டர்' என்ற இடத்துக்கு வந்ததும் மருத்துவச்சியின் பேனா நின்றது. "இதுக்கு மாடியில யார் பேரையாவது வாங்கித்தான் எழுதணும்."

"பார்த்தது நீங்க, பேர் அவங்களுதா? இங்க கொடுங்க." குழந்தையை மார்பில் அணைத்தபடியே பேனாவை வாங்கியவள், 'டாக்டர்' என்பதை அடித்துவிட்டு 'மருத்துவச்சி' என்று எழுதினாள்.

"ஐயையோ! அடிச்சு எழுதினா பக்கத்துல பெரிய டாக்டர் கையெழுத்து வேணும்மா!"

"தெரியும்," என்று கையெழுத்தைப் போட்டவள், "அப்படியே சுவர்ல இருக்கிற காகிதத்தையும் கிழிச்சுப் போட்டுடுங்க," என்றாள்.

மருத்துவச்சி பதிவேட்டைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். இரண்டிலும் அதே சுருட்டிய வால்!