துணிப்பையின் விமானப் பயணம்

அந்த வீட்டுச் சக்கரப் பெட்டி போகாத ஊர் இல்லை. அந்தத் தலைக்கனமும் அதற்கு உண்டு. வீட்டுக்காரர் ஒரு குட்டி விமானத்தை வாடகைக்குப் பேசி, நடுப்பாலைவனத்துக்குப் போகத் திட்டம் போட்டதும், பெட்டி பரணிலேயே கிளம்பத் தயாராகிவிட்டது.

விமானியோ போனில் கறாராகச் சொன்னார். "மடங்காத பெட்டியெல்லாம் வேண்டாங்க. இடுக்குல திணிக்கிற மாதிரி துணிப்பை கொண்டு வாங்க."

வீட்டில் காய்கறி வாங்கும் துணிப்பைக்கு யோகம் அடித்தது. பெட்டிக்கு வயிறு பற்றி எரிந்தது. "கத்தரிக்காய் சுமக்கிற மூஞ்சிக்குத் தனி விமானம் கேக்குதா?" என்று பொருமியது.

பயணம் முடிந்து பை திரும்பி வந்தது. பெட்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"பாலைவனம் எப்படி இருந்துச்சு?"

"எனக்கெங்கே தெரியும் அண்ணே? போகும்போதும் வரும்போதும் சீட்டுக்கு அடியில ஒரே இருட்டு. அங்கே போயும் கூடாரத்து மூலையிலதான் கிடந்தேன். நீங்க பார்த்த ஊரையெல்லாம் சொல்லுங்களேன்."

விமானத்தின் வயிற்றுக்குள் அடைபட்டே ஊரூராகப் போய்வந்த பெட்டிக்கு, அந்த இருட்டு தெரியாததா?

அப்போது பையின் மடிப்பிலிருந்து ஒரு சிட்டிகை மணல் உதிர்ந்தது.

'சரியான அமுக்குணி! எல்லாத்தையும் பார்த்துட்டு மறைக்குது' என்று பெட்டி மறுபடி எரியத் தொடங்கியது.