போட்டிக்குப் போன ரோபோ

"அந்த செண்டு பாட்டில எங்கன தூக்கிட்டுப் போறே?" என்று பாய்ந்தார் காஜா நவாஸ்.

"காலி பாட்டில்தானே மச்சான்! ரோபோவுக்குக் கை வைக்கப் போறேன்" என்றாள் சூஃபியா.

துபாயிலிருந்து தான் கொண்டுவந்த சாமான் என்றால், காலி டப்பாவானாலும் அவருக்கு உயிர். ஆனால் மண்டபம் ஊர் மகளிர் மன்றத்தில் பழைய பொருளில் ரோபோ பொம்மை செய்யும் போட்டி, பரிசு தன் பெண்டாட்டிக்குத்தான் என்றதும் மனிதர் இறங்கி வந்தார். பால்பவுடர் டின் தலையாயிற்று. எரியாத டார்ச்சுகள் காலாயின. ஓடாத கடிகாரம் நெஞ்சில் ஏறியது. ஆள் உயர ரோபோவை அவரே கொண்டுபோய் மன்றத்தில் இறக்கினார்.

அவர் தலை மறைந்ததும் சூஃபியா தன் உம்மாவுக்குப் போன் போட்டாள்.

"பரிசு யாருக்கும்மா வேணும்? குப்பை வீட்டை விட்டுப் போச்சுல்ல! திரும்ப வாங்க ஆள் வரலேன்னா, மன்றத்துலயே பழைய இரும்புக்குப் போட்டுருவாங்களாம்."

கண்காட்சி முடிந்த மாலை, வீட்டு வாசலில் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. பின்னால் நிற்க இடமில்லாமல் ரோபோக்கள். முன்னாலிருந்து காஜா நவாஸ் குதித்தார்.

"பரிசு போனாப் போகுது புள்ள. என்ன மறதியோ, இந்த ஊருப் பொம்பளைங்க ஒருத்திகூடத் தன் ரோபோவத் திரும்பக் கேட்டு வரல! அம்புட்டும் துபாய், சவூதி சாமான். மனசு கேக்குமா? அள்ளிட்டு வந்துட்டேன். வா, அங்கிட்டு ஒரு கை பிடி!"