குட்டைக்கு வந்த மருந்து

சுகாதார நிலையத்தின் பின்புறக் குட்டையில், தவளையின் தலைப்பிரட்டைகள் எல்லாம் ஒரே காலையில் செத்து மிதந்தன. தவளை கழிவுநீர்க் குழாயின் மேல் பாய்ந்தது.

"என் பிள்ளைங்க மேல எதைடா கொட்டினே?"

"காலாவதியான மருந்து, அக்கா," என்றது குழாய். " நர்ஸம்மா பாட்டில் பாட்டிலா வாஷ்பேசின்ல கவுத்தாங்க. நான் என்ன பண்ணுவேன்?"

"தப்புன்னு அவளுக்குத் தெரியாதா?"

"தெரியாமலா? மருந்தைச் சாக்கடையில ஊத்தக்கூடாதுன்னு நேத்துதான் ஊருக்கே வகுப்பு எடுத்தாங்க."

தவளை திரும்பக் குட்டையில் குதித்தது. செத்த பிள்ளை ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு நிலையத்துக்குள் தாவி, நர்ஸம்மாவின் மேஜைமேல் அதைக் கிடத்தியது.

"பார்த்தியா, நீ செஞ்ச வேலையை?" என்று கத்தியது.

"சீ, அசிங்கம்!" என்று அலறிய நர்ஸம்மா, இரண்டையும் துடைப்பத்தால் வெளியே தள்ளினாள். சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினாள். பிறகு அதே வாஷ்பேசினில் மிச்ச பாட்டில்களையும் கவிழ்த்தாள்.