நேரில் கேட்ட பாட்டு

ஆரோக்கியசெல்வத்தின் கேமரா வெகுநேரமாகப் பச்சை நிறத் திரைச்சீலை ஒன்றையே படம்பிடித்துக்கொண்டிருந்தது. திரைக்கு அப்பால் மணப்பெண் ஃபர்ஹாவுக்கு நலங்கு நடந்துகொண்டிருந்தது. வளையல் ஓசையும் சிரிப்பும், அவற்றுக்கு மேலாக ஒரு பெண் பாடும் நலங்குப் பாட்டும் கூடத்தை நிறைத்தன.

அந்தப் பாட்டைப் பதிவு செய்ய லெப்பைக்குடிக்காட்டில் அவர் கேட்ட வீடுகளிலெல்லாம் மறுத்துவிட்டார்கள். மகளின் கல்யாணத்துக்காகத் துபாயிலிருந்து வந்திருந்த நஜீமுதீன்தான் பெரிய மனது வைத்தார். ஆனால் பெண்களின் முகம் படத்தில் வரக்கூடாது, மைக்கும் திரையைத் தாண்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

"அப்ப எதைத்தான் பாய் நான் எடுக்கிறது?"

"பாட்டுதானே சார் கேட்டீங்க? பாட்டு வரும்."

ஆரோக்கியசெல்வம் அதற்கு மேல் வாதாடக்கூடிய நிலையில் இல்லை. இசையையும் கலைகளையும் பற்றி ஆவணப்படம் எடுப்பதிலேயே இளமையைக் கரைத்தவர் அவர். சென்ற படத்தில் கும்மிப் பாட்டு ஒன்றுக்கு ஸ்டூடியோவில் பாடிய குரலைச் சேர்த்திருந்ததை, நிதி கொடுக்கும் கலை அமைப்பு கண்டுபிடித்துவிட்டது. இந்த முறை கண்ணெதிரே பாடியதை மட்டுமே பதிய வேண்டும். தவறினால் இனி ஒரு காசும் கிடையாது என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். அதன் பிறகு அரியலூரில் காதுகுத்து வீடியோ எடுத்துப் பிழைக்க வேண்டியதுதான்.

உள்ளே பேச்சு ஓயவே இல்லை. பாட்டு உச்சத்தில் நிற்கும்போது யாரோ ஒருவர் சர்க்கரை டப்பாவைக் கேட்டார். ஆரோக்கியசெல்வம் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு, சற்று அமைதியாக இருக்கச் சொல்ல இயலுமா என்று பணிவாகவே கேட்டார்.

"கல்யாண வூட்டுல பொம்பளைங்களப் பேசாதேங்கவா? நீங்களே சொல்லிப் பாருங்க சார்," என்றார் நஜீமுதீன்.

அந்த நேரம் பார்த்து மின்சாரமும் போயிற்று. கேமரா பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்க, அவர் பொருத்தியிருந்த விளக்கு அணைந்தது. பாட்டும் மெல்லத் தாழ்ந்து அடங்கியது. வெளிச்சம் போனதைக் கண்டு தமக்காகத்தான் நிறுத்தினார்கள் என்றெண்ணி, அன்றைக்கு முதல் தடவையாக அவர் மனம் இளகியது.

விளக்கு மீண்டும் எரிந்ததும், விட்ட சொல்லிலிருந்தே பாட்டு தொடர்ந்தது. இத்தகைய ஒழுங்கை அவர் பெரிய வித்வான்களிடமும் கண்டதில்லை.

"எங்க மாமி குரல் சார்," என்றார் நஜீமுதீன் பெருமையுடன். "இந்தக் குரல் இல்லாம எங்க வூட்ல ஒரு நலங்கும் நடந்ததில்ல."

பாட்டு முடிந்ததும் ஆரோக்கியசெல்வம் அனுமதி பெற்று, கூடத்திலிருந்த தொலைபேசியில் சென்னைக்குப் பேசினார். அமைப்பின் அதிகாரி அமிர்தலிங்கம் எடுத்த எடுப்பிலேயே சந்தேகப்பட்டார்.

"மறுபடியும் ஸ்டூடியோ வேலை எதுவும் இல்லையே?"

"சத்தியமா இல்ல சார். திரைக்கு அந்தாண்ட உக்காந்து பாடிட்டிருக்காங்க. லைன்லயே இருங்க, உங்க காதாலயே கேளுங்க."

அவர் தொலைபேசியின் வயர் எட்டும் மட்டும் நடந்து, ரிசீவரைத் திரைக்கு அருகில் பிடித்துக்கொண்டார். இன்னும் ஒரு பாட்டு பாடச் சொல்லும்படி நஜீமுதீனிடம் கண்ணாலேயே கெஞ்சினார்.

நஜீமுதீனும் தட்டவில்லை. "பத்ரு, சாருக்கு இன்னொரு பாட்டு வேணுமாம்," என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

பத்ருன்னிசாவின் பதில் திரையையும் தாண்டித் தெளிவாகக் கேட்டது:

"இந்தப் பக்கம் முடிஞ்சிருச்சுங்க, கேசட்டத் திருப்பிப் போடவா?"